தண்டுவடம் வெறும் கம்பியா? இடது காலும் வலது காலும் முறை மாறும் விதம்

2025 பிப்ரவரி 9, காலை. வாசகர் கேள்வி

நடக்கும்போது இடது, வலது என்று மாற்றி மாற்றி வைக்கச் சொல்வது மூளை. தண்டுவடம் அந்த உத்தரவை எடுத்துப்போகும் கம்பி, அவ்வளவுதான். கம்பி அறுந்த பிறகு காலுக்கு என்ன தெரியும்? பிசியோதெரபி என்று சொல்லி மாதக்கணக்கில் காலைத் தூக்கித் தூக்கி வைப்பதால் என்ன பயன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு

கம்பி இல்லை. தண்டுவடத்துக்குள் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று தூண்டுகின்றன, அடக்குகின்றன, தோலிலிருந்தும் தசையிலிருந்தும் வரும் செய்தியைப் பார்த்துத் தாமே முடிவெடுக்கின்றன. மூளையிலிருந்து கீழே இறங்கும் இழைகள் அங்கே நடக்கும் வேலையில் ஒரு பங்கு மட்டுமே.

தண்டுவடக் காயம்பட்டவர்களுக்கு நடைப்பயிற்சி கொடுப்பது என் தொழில். "கம்பி அறுந்துவிட்டது" என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, பயிற்சியைப் பாதியில் விட்டு ஊருக்குப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆகவே இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிப் போக மனம் வரவில்லை. நேரம் கிடைக்கும்போதெல்லாம் இங்கேயே எழுதுகிறேன்.

முதல் சான்று வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. கழுத்து அறுபட்ட கோழி சிறகடிக்கிறது, காலை உதைக்கிறது. இறக்கைகள் இரண்டும் சேர்ந்தே அடிக்கும். கால்களோ பெரும்பாலும் ஓடுவதுபோல மாறி மாறி உதைக்கும். தலை தனியே கிடக்கிறது. இறக்கைக்கு ஒரு முறை, காலுக்கு வேறு முறை என்று அந்த உடம்புக்குள் வகுத்து வைத்திருப்பது எது?

பிப்ரவரி 10, காலை

"அது சாகும் நேரத்துத் துடிப்பு, அதை நடை என்று சொல்ல முடியுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கொல்லையை விட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போவோம்.

1911-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல். சார்லஸ் ஷெரிங்டனின் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் கிரஹாம் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பூனைகளை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அன்றைய நம்பிக்கை இது: ஒரு கால் தரையில் பட்டதும் அதன் உணர்வு தண்டுவடத்துக்குப் போய் அடுத்த அசைவைக் கிளப்புகிறது, அந்த அசைவின் உணர்வு அதற்கடுத்ததைக் கிளப்புகிறது, இப்படிச் சங்கிலிபோல நடை ஓடுகிறது. பிரவுன் மயக்கத்தில் இருந்த பூனையின் தண்டுவடத்தை நெஞ்சுப் பகுதியில் துண்டித்தார். மூளையின் பேச்சு நின்றது. பின்னங்கால்களிலிருந்து உணர்வைக் கொண்டுவரும் நரம்பு வேர்களையும் வெட்டினார். கீழேயிருந்து வரும் செய்தியும் நின்றது. அதற்குப் பிறகும் கணுக்காலை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் தாளம் தவறாமல் மாறி மாறிச் சுருங்கின.

மேலேயிருந்தும் உத்தரவு இல்லை, கீழேயிருந்தும் செய்தி இல்லை. தாளம் தண்டுவடத்திலேயே பிறக்கிறது. இதை அவர் தெளிவாக எழுதியும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1960-களில் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஆண்டர்ஸ் லுண்ட்பெர்க்கும் எல்ஸ்பியெட்டா யான்கோவ்ஸ்காவும் அந்தக் கருத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். பிரவுன் அதற்குள் மலையேற்றத்தில் பெயர் வாங்கிவிட்டார். மோன் பிளான் மலையின் பிரென்வா முகப்பில் 1927-லும் 1928-லும் புதிய வழிகளில் ஏறியவர் அவர்தான். நடை எங்கே பிறக்கிறது என்று கண்டவரை மலைக்காரர்கள்தாம் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

பிப்ரவரி 10, இரவு

ஒரு சிறிய சேர்க்கை. நேற்று "முடிவெடுக்கின்றன" என்று எழுதியது சிலருக்கு மிகையாகப் பட்டிருக்கிறது.

வெறுங்காலுடன் முள்ளை மிதித்தால் என்ன ஆகிறது? குத்திய கால் சட்டென்று மடங்கி மேலே போகிறது. அதே கணத்தில் மற்றக் கால் விறைத்து, முழு உடம்பின் பாரத்தையும் வாங்கிக்கொள்கிறது. அப்படி வாங்கவில்லை என்றால் முள் குத்திய ஒவ்வொருவரும் கீழே விழ வேண்டும். "ஐயோ" என்று நாம் சொல்வதற்கு முன்பே இது முடிந்துவிடுகிறது. வலது பாதத்தின் வலிச் செய்தி தண்டுவடத்துக்குள் நுழைந்து, அங்கேயே நடுக்கோட்டைக் கடந்து, இடது காலின் நீட்டும் தசைகளுக்கு வேலை கொடுத்துவிடுகிறது.

அந்த நடுக்கோட்டைக் கடக்கும் நரம்பணுக்களைப் பற்றித்தான் இந்தத் தொடர் முழுவதும் பேச வேண்டும்.

பிப்ரவரி 12

தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் பட்டாம்பூச்சி வடிவில் சாம்பல் நிறப் பகுதி தெரியும். இடது பாதியில் இடது காலுக்கான இயக்க நரம்பணுக்கள், வலது பாதியில் வலது காலுக்கானவை. இரண்டையும் இணைப்பவை, ஒரு பக்கத்தில் பிறந்து தன் நீண்ட இழையை மறுபக்கத்துக்கு அனுப்பும் இடைநரம்பணுக்கள். கருவிலேயே அந்த இழைகள் நடுக்கோட்டைத் தேடிப் போய்க் கடந்துவிடுகின்றன.

கடந்துபோய் என்ன சொல்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "நீ எழு" என்று சொல்வதைவிட "நீ இரு" என்றுதான் அவை அதிகம் சொல்கின்றன. ஒரே உரலில் இரண்டு பெண்கள் உலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒருத்தியின் உலக்கை உள்ளே இறங்கும்போது மற்றவள் தன் உலக்கையை மேலே பிடித்து நிறுத்தியிருக்கிறாள். அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் இரண்டு உலக்கையும் மோதிக்கொள்ளும். முறை மாறுவது என்பது ஒருவரையொருவர் அடக்கிக்கொள்வது.

அடக்குவதற்கு இந்த நரம்பணுக்களில் பல பயன்படுத்தும் வேதிப்பொருள் கிளைசின். அதன் வேலையை முடக்கும் நஞ்சு நம் ஊர்க் காட்டோரங்களில் வளர்கிறது. எட்டி மரத்தின் கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் அதுதான். எட்டிக்கொட்டை தின்ற நாய் எப்படிச் சாகிறது என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிறு சத்தம் கேட்டாலே உடம்பு முழுவதும் வில்லாக விறைத்து இழுக்கும். தசைக்குப் புது வலு எதுவும் வந்துவிடவில்லை. தண்டுவடத்தின் அடக்கும் கை விலகிவிட்டது.

இதே ஸ்ட்ரிக்னினை ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்கும் கருவியாக்கினார்கள். லாம்ப்ரே என்ற தாடையில்லாத மீன், விலாங்குபோல நீளமானது, இடமும் வலமும் மாறி மாறி வளைந்து நீந்துவது. ஸ்டாக்ஹோமில் ஸ்டென் கிரில்னர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த மீனின் தண்டுவடத்துக்குக் கொடுத்தார். மீனிலிருந்து தண்டுவடத்தைத் தனியே எடுத்து உப்புக்கரைசலில் வைத்தாலும், சரியான வேதிப்பொருள் சேர்த்தால், இடது வேரிலும் வலது வேரிலும் நீச்சலின் மின்துடிப்பு மாறி மாறி வரும். அந்தக் கரைசலில் ஸ்ட்ரிக்னின் சேர்த்ததும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் துடிக்கத் தொடங்கின.

பிறந்து ஓரிரு நாளே ஆன சுண்டெலியின் தண்டுவடத்திலும் இதே கதை. எலியின் மூளை இல்லை, கால் இல்லை, எலியே இல்லை. கண்ணாடித் தட்டில் விரல் நகத்தளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு. அதில் செரோடோனின் முதலிய பொருள்களைச் சேர்த்தால் இடது இடுப்பு வேர், வலது இடுப்பு வேர் என்று நடை ஓடுகிறது. ஸ்ட்ரிக்னின் சேர்த்தால் அந்த நடை குதியாக மாறுகிறது.

பிப்ரவரி 13

நேற்றைய உரல் உவமையைப் படித்துவிட்டு, "அப்படியானால் ஒருத்தி இல்லாமல் மற்றவளால் குத்த முடியாதா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். முடியும். லாம்ப்ரேயின் தண்டுவடத்தை நடுக்கோட்டிலேயே நெடுக்காகப் பிளந்து இடது பாதியைத் தனியே வைத்தாலும் அது தாளமிடும். எலியிலும் அப்படியே. தாளம் ஒவ்வொரு பாதிக்கும் சொந்தம், குறுக்கே கடக்கும் நரம்பணுக்கள் அந்த இரண்டு தாளங்களையும் ஒன்றுக்கொன்று முறைப்படுத்துகின்றன. இந்த வேறுபாடு என் தொழிலுக்கு மிகவும் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகக் காயம்பட்டவர்களைப் பற்றிப் பிறகு எழுதும்போது இதற்குத் திரும்பி வருகிறேன்.

பிப்ரவரி 16

எலிகள். இங்கேதான் கதை செழிக்கிறது.

2003-இல் கிளாஸ் குல்லாண்டர் முதலானோர் ஒரு விந்தையான சுண்டெலியைப் பற்றி எழுதினார்கள். எஃப்ஏ4 என்ற புரதத்துக்கான மரபணு அதில் நீக்கப்பட்டிருந்தது. அந்த எலி நடப்பதில்லை. முயல்போலப் பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்துக் குதிக்கிறது. காரணம் இது: சாதாரண எலியில் தண்டுவடத்தின் நடுக்கோட்டில் எஃப்ரின்-பி3 என்ற இன்னொரு புரதம் வேலிபோல நிற்கிறது. தூண்டும் நரம்பணுக்களில் ஒரு வகை, எஃப்ஏ4 மூலம் அந்த வேலியை உணர்ந்து தன் பக்கத்திலேயே நின்றுவிடும். எஃப்ஏ4 இல்லாத எலியில் அவை வேலியைத் தாண்டி மறுபக்கம் போய்விடுகின்றன. "நீ இரு" என்ற சொல் போக வேண்டிய இடத்தில் "நீயும் எழு" என்ற சொல்லும் சேர்ந்து போகிறது. எழு என்பது வெல்கிறது, இரண்டு கால்களும் சேர்ந்து எழுகின்றன.

என்னை உட்கார வைத்தது இதற்கு அடுத்த செய்திதான். அந்த எலியின் தண்டுவடத்தைத் தட்டில் வைத்து, கிளைசின் சீக்கிரம் மறைந்துவிடாமல் கூடுதல் நேரம் தங்கும்படி ஒரு பொருளைச் சேர்த்தார்கள். அடக்கும் கை வலுத்தது. குதித்துக்கொண்டிருந்த தண்டுவடம் மீண்டும் மாறி மாறி நடக்கத் தொடங்கியது. எட்டிக்கொட்டையின் நஞ்சு செய்வதற்கு நேர் எதிர்ப்புறம். தூண்டுதலுக்கும் அடக்குதலுக்கும் இடையே தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்தே நடையும் குதியும் அமைகின்றன.

அடுத்தது, அந்த அடக்கும் கை யாருடையது என்ற தேடல். கருவில் டிபிஎக்ஸ்1 என்ற மரபணு விழித்திருக்கும் ஒரு கூட்டத்திலிருந்து பிறக்கும் நரம்பணுக்களுக்கு வி0 என்று பெயர். கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் மார்ட்டின் கோல்டிங் குழு 2004-இல், இவை சரியாக உருவாகாத எலிகளில் இடது வலது ஒழுங்கு குலைவதைக் காட்டியது. 2013-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஓலே கீன் குழு இன்னும் ஒரு படி போனது. வி0 கூட்டம் முழுவதையும் நீக்கினால் எலி எந்த வேகத்திலும் குதிக்கத்தான் செய்தது, மெதுவாகப் போகும்போதும் கூட. கூட்டத்தில் இரண்டு பிரிவு உண்டு. அடக்கும் பிரிவு மறுபக்கத்தை நேராகவே அடக்குகிறது. தூண்டும் பிரிவு மறுபக்கத்தில் உள்ள அடக்கும் நரம்பணுக்களைத் தூண்டிவிட்டு, அவற்றின் வழியே அடக்குகிறது. முதல் பிரிவை மட்டும் நீக்கினால் மெதுவான வேகத்தில் முறை கெட்டது. இரண்டாம் பிரிவை மட்டும் நீக்கினால் மெதுவாக நடக்கும்போது எலி ஒழுங்காக நடந்தது, வேகம் கூடியதும் குதித்தது.

அதாவது மெதுவாக நடப்பதற்கும் வேகமாக ஓடுவதற்கும் இடது வலது ஒப்பந்தத்தை எழுதுபவர்கள் வெவ்வேறு ஆட்கள். நடையின் வேகத்தைக் கூட்டுவது ஒரே இயந்திரத்தை முடுக்குவது என்று நான் படித்த காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தோம். வேகம் மாறும்போது ஆட்களே மாறுகிறார்கள்.

இது டிரெட்மில்லில் நான் நாள்தோறும் பார்ப்பதோடு பொருந்துகிறதா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சிலர் மிக மெதுவான வேகத்தில் காலை இழுத்து இழுத்துத் தடுமாறுவார்கள், பட்டையைச் சற்று வேகப்படுத்தியதும் காலடி சீராகும். குடும்பத்தினர் பதறுவார்கள், "மெதுவாகவே முடியவில்லை, வேகமாக எப்படி?" என்று. மனிதத் தண்டுவடத்திலும் எலிபோலவே வேகத்துக்கு வேகம் ஆள் மாறுகிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. வேகம் கூடினால் இடுப்பு பின்னால் நன்றாக நீளும், அதுவே ஒரு காரணமாகலாம். ஆனால் மெதுவாக முடியாதவருக்கு வேகமாகவும் முடியாது என்ற கணக்கு தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பிப்ரவரி 17

குதிரை வளர்ப்பைப் பற்றித் தெரிந்த ஒருவர், "ஐஸ்லாந்துக் குதிரையை விட்டுவிட்டீர்களே" என்று எழுதியிருக்கிறார். அவருக்காக.

பெரும்பாலான குதிரைகளுக்கு நடை, பெருநடை, பாய்ச்சல் என்று இருக்கும். பெருநடையில் முன் இடதும் பின் வலதும் சேர்ந்து போகும். ஐஸ்லாந்துக் குதிரைகள் இவற்றோடு டோல்ட் என்ற நான்கு தட்டு நடையும் போகும், முதுகில் இருப்பவருக்குக் குலுக்கலே தெரியாது. அவற்றில் சில ஒரே பக்கத்து முன்காலையும் பின்காலையும் சேர்த்து வீசும் ஐந்தாவது நடையும் போகும், ஒட்டகம்போல. ஸ்வீடனில் லெயிஃப் ஆண்டர்சனும் மேலே சொன்ன குல்லாண்டரும் சேர்ந்து, நான்கு நடை போகும் 40 குதிரைகளின் மரபணுக்களை ஐந்து நடை போகும் 30 குதிரைகளின் மரபணுக்களோடு ஒப்பிட்டார்கள். 2012-இல் வந்த முடிவு: டிஎம்ஆர்டி3 என்ற ஒரே மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம், அதனால் புரதம் பாதியில் நின்றுவிடுகிறது. அந்த மரபணு வேலை செய்யும் இடம் தண்டுவடத்தின் ஒரு வகை இடைநரம்பணுக்கள். அவற்றில் நடுக்கோட்டைக் கடப்பவையும் உண்டு.

2016-இல் பழைய எலும்புகளைப் பார்த்தபோது, இந்த மாற்றம் 9-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் குதிரைகளிலேயே இருந்தது தெரிந்தது. வைக்கிங் மக்கள் அங்கிருந்து ஐஸ்லாந்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். குலுங்காத குதிரை வேண்டும் என்று தேர்ந்தெடுத்த மனிதர்கள், அறியாமலே தண்டுவட நரம்பணுக்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 20

கோழிக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று இரண்டு பேர் நினைவூட்டியிருக்கிறார்கள்.

1971-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் சி. எச். நாராயணனும் விக்டர் ஹாம்பர்கரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முட்டைக்குள் வளரும் கோழிக் கருவில், கால்களுக்கான தண்டுவடப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இன்னொரு கருவின் இறக்கைப் பகுதித் தண்டுவடத்தை அங்கே பொருத்தினார்கள். கால் அதே கால். தசை அதே தசை. ஆனால் கால்கள் இரண்டும் இறக்கைபோலச் சேர்ந்தே அசைந்தன. இறக்கைப் பகுதியில் கால் பகுதித் தண்டுவடத்தை வைத்தபோது அந்தச் சேர்ந்தடிக்கும் முறை அங்கே கிடைக்கவில்லை.

ஆகவே முதல் நாள் கேட்ட "வகுத்து வைத்திருப்பது எது" என்பதற்குப் பதில்: தண்டுவடத்தின் அந்தந்தத் துண்டு. முட்டைக்குள், நடக்கவும் பறக்கவும் தெரியும் முன்பே, எந்தத் துண்டு முறை மாற வேண்டும், எந்தத் துண்டு சேர்ந்து அடிக்க வேண்டும் என்பது தீர்மானமாகிவிடுகிறது.

2021-இல் இதற்கு ஒரு வால் முளைத்தது. எலியின் நடுக்கோட்டில் வேலிபோல நிற்கும் எஃப்ரின்-பி3 நினைவிருக்கிறதா? பறவைகளில் அந்தப் புரதம் செயலிழந்திருக்கிறது, அல்லது மரபணுவே காணாமல் போயிருக்கிறது என்று காட்டினார்கள். ஆய்வுக்கூடத்தில் எலியைக் குதிக்க வைத்த குறையை ஒத்த ஒன்று, பறவைக்கு இரண்டு இறக்கையையும் சேர்த்து அடிக்க உதவியிருக்கிறது. இதைப் படித்த அன்று இரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 22

ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: மகள் வலது கையால் எழுதும்போது இடது கை விரல்களும் லேசாக அதே மாதிரி அசைகின்றன, இது இந்த நரம்பணுக்களின் கோளாறா?

அம்மா, சிறு பிள்ளைகளிடம் இது இயல்பு. ஏறத்தாழ பத்து வயதுக்குள் குறைந்து மறைந்துவிடும். அதற்குப் பிறகும் தெளிவாக நீடித்தால், சட்டை பொத்தான் போடுவதே கடினமாகும் அளவுக்கு இரண்டு கையும் ஒன்றையே செய்தால், நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். சில குடும்பங்களில் இது பரம்பரையாக வரும். டிசிசி என்ற மரபணுவில் குறை இருப்பது ஒரு காரணம் என்று 2010-இல் கண்டார்கள். கருவில் நரம்பிழைகள் நடுக்கோட்டை நோக்கி வழி கண்டுபிடிக்க உதவும் புரதம் அது. இந்தக் குறையில் பெரும்பாலும் மூளையிலிருந்து கைக்கு இறங்கும் இழைகள்தாம் கடக்க வேண்டிய இடத்தில் சரியாகக் கடப்பதில்லை. தண்டுவடத்தின் நடை வலைப்பின்னல் வேறு விஷயம். ஆனால் நடுக்கோட்டை யார் கடப்பது, யார் கடக்கக் கூடாது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

பிப்ரவரி 23

"எலி, கோழி, மீன் எல்லாம் சரி. மனிதனுக்கு?" இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன்.

பிறந்த குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்கி, பாதம் தரையில் படும்படி வைத்தால் எட்டு வைக்கும். மாறி மாறி. இரண்டு மாத வாக்கில் இது மறைகிறது. அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தெலன், மறைந்துபோன இந்த எட்டு, குழந்தையைத் தண்ணீரில் இடுப்பளவு இறக்கியதும் திரும்பி வருவதைக் காட்டினார். கால் கனத்துவிட்டதால் எட்டு வெளியே தெரியவில்லை, உள்ளே அது இருந்தது.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஜெய்னி யாங் குழு ஒரு வயதுக்கு உட்பட்ட, இன்னும் தனியே நடக்கத் தொடங்காத குழந்தைகளை இரண்டு பட்டை கொண்ட டிரெட்மில்லில் பிடித்து நிறுத்தியது. இடது காலுக்கு ஒரு வேகம், வலது காலுக்கு வேறு வேகம். குழந்தைகள் சமாளித்தன. வேக வித்தியாசம் மிக அதிகமானபோது, மெதுவான பட்டையில் ஒரு கால் தரையில் நிற்கும் நேரத்துக்குள் வேகப் பட்டையில் இருந்த கால் கூடுதல் எட்டு வைத்துக்கொண்டது. தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனைகளும் இப்படித்தான் செய்யும் என்று கிரில்னர் குழு முன்பே காட்டியிருந்தது. பிப்ரவரி 13-இல் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள்: ஒவ்வொரு பக்கத்துக்கும் தன் தாளம், இரண்டுக்கும் இடையே ஒப்பந்தம்.

வளர்ந்தவர்களில்? 1994-இல் ஒரு மருத்துவக் குறிப்பு வந்தது. கழுத்துத் தண்டுவடத்தில் அரைகுறைக் காயம்பட்டு, அதாவது சில இழைகள் அறுபடாமல் மிஞ்சி, பதினேழு ஆண்டுகளான ஒருவர். மல்லாந்து படுத்து இடுப்பை நீட்டினால் அவர் கால்கள் தாமாகவே மாறி மாறி எட்டு வைக்கத் தொடங்கின. அவரே நினைத்தாலும் நிறுத்துவது எளிதாக இல்லை.

இனி என் கை அறிந்தது. அரைகுறைக் காயம்பட்ட ஓர் இளைஞர், வார்ப்பட்டையில் தொங்கியபடி டிரெட்மில்லில் நிற்கிறார். நான் அவர் வலது காலருகே தாழ்ந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறேன். ஒரு கை முழங்காலுக்குக் கீழே, ஒரு கை கணுக்காலில். பட்டை காலைப் பின்னால் இழுக்கிறது. இடுப்பு நீளும் முன்பே அவசரப்பட்டு நான் காலைத் தூக்கினால், அது கட்டைபோலக் கனக்கும். பொறுத்திருந்து, இடுப்பு முழுவதும் பின்னால் நீண்டு, உடம்பின் பாரம் இடது காலுக்கு மாறும் வரை காத்தால், அந்தக் கணத்தில் கணுக்காலின் முன்புறத் தசைநார் என் விரலுக்கடியில் விண்ணென்று எழும்பும். கால் இலேசாகும். நான் தூக்குவதற்கு முன்பே அது எழத் தொடங்கியிருக்கும். இடது கால் பாரம் தாங்கிக்கொண்டது என்ற செய்தியும் வலது இடுப்பு நீண்டது என்ற செய்தியும் தண்டுவடத்துக்குள் போய், நடுக்கோட்டின் இரு பக்கமும் பேசி முடித்து, எனக்கு முன்பே முடிவு வந்துவிட்டது.

ஆகவே "காலைத் தூக்கித் தூக்கி வைப்பது" என்று கேள்வியில் சொல்லியிருப்பது எங்கள் வேலையைப் பற்றிய சரியான விவரிப்பு அன்று. தூக்குவது சிறு பகுதி. பாரத்தை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றுவதும், இடுப்பைப் பின்னால் நீளவிடுவதும், சரியான கணத்துக்குக் காத்திருப்பதும்தான் பயிற்சி. கைப்பிடிக் கம்பியில் முழுப் பாரத்தையும் சாய்த்துக்கொண்டு நடப்பவருக்கு, நடப்பதுபோலத் தோன்றினாலும், தண்டுவடத்துக்குப் போக வேண்டிய செய்தி போவதே இல்லை.

ஒரு பக்கம் அதிகக் காயம்பட்டவர்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அவர்களிடம் நல்ல காலை மட்டும் நம்பி நடக்கவிடும் வழக்கம் இருக்கிறது. சீக்கிரம் எழுந்து நடமாடலாம் என்பது உண்மை. ஆனால் நலிந்த காலுக்குப் பாரம் கொடுக்காவிட்டால் அதன் பக்கத்துத் தாளமும் எழாது, நல்ல பக்கத்துக்கு அது சொல்ல வேண்டியதும் போகாது. இரண்டையும் சேர்த்தே பழக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதில் என்னோடு உடன்படாத சக பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள், அவர்களும் இங்கே எழுதினால் நல்லது.

பிப்ரவரி 24

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுச் சிலர் மிகுந்த நம்பிக்கையோடு தனிச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்டுவடம் முழுமையாகத் துண்டிக்கப்பட்ட பூனை, பயிற்சிக்குப் பிறகு டிரெட்மில்லில் பின்னங்கால்களால் நடக்கும். மனிதன் அப்படி நடப்பதில்லை. இரண்டே காலில் நிமிர்ந்து நிற்கிறோம். சமநிலை, தொடங்குதல், நிறுத்துதல், திரும்புதல் எல்லாவற்றுக்கும் மேலேயிருந்து வரும் இழைகள் நமக்குப் பூனையைவிட மிக அதிகம் தேவை. சில இழைகளாவது மிஞ்சியிருப்பவருக்கும் ஒன்றுமே மிஞ்சாதவருக்கும் எதிர்பார்ப்பு வேறு. தண்டுவடத்தின் மேல் மின்தகடு வைத்துத் தூண்டும் முறை சிலருக்கு எட்டு வைக்க உதவியிருக்கிறது, அதுவும் கடும் பயிற்சியோடு சேர்ந்துதான். பணம் கொடுத்தால் நடக்க வைக்கிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மார்ச் 1

கேள்வி கேட்ட தம்பி இன்று மீண்டும் எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணன் தென்னையிலிருந்து விழுந்திருக்கிறார். டி12 எலும்பு (நெஞ்சுப் பகுதி முதுகெலும்புகளில் கடைசியான பன்னிரண்டாவது) முறிவு, அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறார். முதல் நாள் கேள்வியில் இருந்த கோபத்தின் காரணம் இப்போது புரிகிறது. தம்பி, உங்கள் அண்ணனை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் காயத்தின் இடம். தண்டுவடம் முதுகெலும்பின் கடைசி வரை போவதில்லை, இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாவது முதுகெலும்பின் (எல்1, எல்2) மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. கால்களின் நடை வலைப்பின்னல் இருக்கும் தண்டுவடப் பகுதி, டி10 முதல் எல்1 வரையுள்ள எலும்புகளுக்குள்தான் இருக்கிறது. காயம் அதற்கு மேலே, நெஞ்சுப் பகுதியில் என்றால் அந்த வலைப்பின்னல் கீழே முழுதாக இருக்கும், மேலிருந்து வரும் பேச்சு மட்டும் தடைபட்டிருக்கும். டி12-இல் அடிபட்டால் அந்த நரம்பணுக்களிலேயே சில போயிருக்கலாம், கீழே இறங்கும் நரம்பு வேர்களும் அடிபட்டிருக்கலாம். கால் தசைகள் விறைப்பாக இருக்கின்றனவா, தொளதொளவென்று இருக்கின்றனவா, முழங்காலின் கீழ் தட்டினால் கால் துள்ளுகிறதா என்பதை மருத்துவர் பார்த்தாலே ஓரளவு தெரியும்.

அடுத்து, காயம் முழுமையா அரைகுறையா. ஏ முதல் இ வரை ஓர் அளவுகோல் இருக்கிறது, ஏ என்றால் முழுமையான காயம், பி, சி, டி என்றால் அரைகுறை. டிஸ்சார்ஜ் அட்டையில் எழுதியிருப்பார்கள். இல்லையென்றால் கேளுங்கள். ஆசனவாயைச் சுற்றி உணர்வு இருக்கிறதா, அங்கே தசையை இறுக்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் முழுமையா அரைகுறையா என்பது தீர்மானமாகிறது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம், கால் விரல் அசைகிறதா என்பதைவிட இந்தக் கேள்வி முக்கியம். விழுந்த முதல் நாட்களில் போட்ட மதிப்பீடு பிறகு மாறக்கூடும், மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தால் இடுப்பு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். இறுகிய இடுப்பு பின்னால் நீளாது. நீளாத இடுப்பிலிருந்து, நான் மேலே சொன்ன அந்தச் செய்தி தண்டுவடத்துக்குப் போகாது, பிறகு எந்தப் பயிற்சியும் பிடிக்காது. அறுவைச் சிகிச்சை செய்தவரிடம் கேட்டு, அவர் சரி என்றால், தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்க வையுங்கள். கணுக்கால் கீழே தொங்கி இறுகாமல் பாதத்தை மேல்நோக்கி மெதுவாக வளைத்துப் பிடியுங்கள். புட்டத்திலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள். படுக்கைப் புண் வந்துவிட்டால் எல்லாப் பயிற்சியும் மாதக்கணக்கில் நின்றுபோகும்.

அளவுகோலின் எழுத்து தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள். பி, சி, டி என்று இருந்தால் நாம் பேச நிறைய இருக்கிறது. ஏ என்று இருந்தாலும் எழுதுங்கள், அப்போது பேச வேண்டியவை வேறு. சிறுநீர்ப் பையும் கைவலுவும் அவற்றில் முதலில் வரும்.